பாதி மேலே ஏறினால் என்ன லாபம்? ஒட்டுண்ணி தான் தங்கி வாழும் உயிரை, அதாவது ஓம்புயிரியை, நடத்துவது எப்படிப் பரிணமித்தது

ஆறாம்விரல் எழுதியது:

எறும்பைப் புல் நுனிக்கு ஏற்றும் ஈரல் புழுவைப் பற்றி இங்கே பலரும் படித்திருப்பீர்கள். டைக்ரோசீலியம் டென்ட்ரிட்டிகம் என்று பெயர். ஆடு மாடுகளின் ஈரலில் வளர்ந்து முட்டை போடும், முட்டை சாணத்தோடு வெளியே வரும், அதை நத்தை தின்னும், நத்தைக்குள் பெருகிச் சளி உருண்டையாக வெளியே வரும், அந்த உருண்டையை எறும்பு தின்னும். அப்புறம்தான் வேடிக்கை. எறும்புக்குள் போன புழுக்களில் பெரும்பாலானவை வயிற்றுப் பகுதியில் உறை கட்டிக்கொண்டு காத்திருக்க, ஒன்று மட்டும் தலைக்குப் போய் உணவுக்குழலுக்குக் கீழே இருக்கும் நரம்பு முடிச்சில் ஒட்டிக்கொள்கிறது. குளிர ஆரம்பித்ததும் அந்த எறும்பு கூட்டுக்குத் திரும்பாமல் புல்லில் ஏறி, நுனியைத் தாடையால் கவ்வியபடி நிற்கும். மேய வரும் ஆடு புல்லோடு சேர்த்து விழுங்கிவிடும். ஆடு வரவில்லை, வெயில் ஏறிவிட்டது என்றால் பிடியை விட்டு இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல வேலைக்குப் போய்விடும்.

பரிணாமம் நடந்ததா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அதில் சந்தேகமில்லை. எந்தப் படிகளில் நடந்திருக்கும் என்பதுதான் கேள்வி. பாதிப் புல் வரை ஏறிய எறும்பால் புழுவுக்கு என்ன லாபம்? ஏறியும் கவ்வாமல் நின்றால்? போதாததற்கு, தலைக்குப் போன அந்தப் புழு உறை கட்டுவதில்லை, ஆட்டின் வயிற்றுக்குள் போனாலும் பிழைக்காது. சந்ததியே விடாத ஒன்றின் குணம் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகும்? "கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு" என்று மட்டும் யாரும் பதில் போட வேண்டாம்.

தும்பி எழுதியது:

கடைசிக் கேள்விதான் இருப்பதிலேயே சுலபம். நத்தைக்குள் நடப்பது பாலிலாப் பெருக்கம், ஒரே முட்டையிலிருந்து வந்தவை அத்தனையும் ஒன்றுக்கொன்று நகல்கள். ஆகவே ஒரு சளி உருண்டையில் இருக்கும் புழுக்கள் பெரும்பாலும் ஒரே மரபணுத் தொகுதியைச் சேர்ந்தவை. தலைக்குப் போனது செத்தாலும், வயிற்றில் இருக்கும் மற்றவை வழியாக அதே மரபணு ஆட்டுக்குள் போய்விடுகிறது. மலட்டு வேலைக்கார எறும்பு ராணிக்காக உழைப்பதற்கும் இதே கணக்குதான்.

பாதிப் புல் விஷயத்துக்கு வருவோம். ஆடு நுனியை மட்டும் எண்ணி எடுத்துக் கடிப்பதில்லை. தரையில் ஓடும் எறும்பு ஆட்டின் வாயில் போகும் வாய்ப்பு மிகக் குறைவு, கால்வாசி உயரத்தில் நின்றால் கொஞ்சம் கூடும், பாதியில் இன்னும் கூடும். இயற்கைத் தேர்வுக்கு அந்தக் கொஞ்சம் போதும். எறும்புகள் எப்படியும் புல்லில் ஏறி இறங்கும் பிராணிகள்தான். தற்செயலாக ஆட்டின் வாயில் சிக்கும் எறும்பு எப்போதும் இருந்திருக்கும். புழுவின் வேலை அந்தத் தற்செயலைக் கொஞ்சம் அடிக்கடி நடக்க வைப்பது, அவ்வளவே.

மண்புழு எழுதியது:

இந்த மாதிரி இழைகளில் நான் எப்போதும் கேட்கும் கேள்வியையே கேட்கிறேன். ஒட்டுண்ணி ஏறிய பிராணி விநோதமாக நடந்துகொண்டால் அது ஒட்டுண்ணியின் "தந்திரம்" என்று ஏன் உடனே முடிவு கட்டுகிறீர்கள்? நோய் வந்த எந்தப் பிராணியும் வேறு மாதிரிதான் நடக்கும். பசி மாறும், தூக்கம் மாறும், பயம் குறையும். அதில் சிலது ஒட்டுண்ணிக்குத் தற்செயலாகச் சாதகமாக அமையும்.

கொசு உதாரணம் எடுத்துக்கொள்ளுங்கள். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் முதிராத கட்டத்தில் கொசு கடிக்க அவ்வளவு ஆர்வம் காட்டாது, முதிர்ந்து பரவத் தயாரான பிறகு ஆர்வம் கூடும். கேட்க அருமையாக இருக்கிறது, கிருமியே கொசுவை நடத்துகிறது என்று எழுதித் தள்ளினார்கள். 2013இல் வந்த ஒரு ஆய்வில், கிருமியே இல்லாத கொசுக்களுக்குச் சூட்டில் கொல்லப்பட்ட ஈ.கோலை பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்தக் கொசுக்களும் அதே மாதிரி மாறின. செத்த பாக்டீரியா யாரையும் நடத்த முடியாது. கொசுவின் சொந்த நோயெதிர்ப்பு வேலைதான் அது.

ஒட்டுண்ணிகளை ஆராயும் ராபர்ட் பவுலின் 1995லேயே இதற்குச் சில அளவுகோல்கள் சொன்னார். மாற்றம் தற்செயலாக வர முடியாத அளவு சிக்கலானதா, ஒரு நோக்கத்துக்குச் செய்தது போலப் பொருந்துகிறதா, தொடர்பில்லாத வேறு வேறு பரம்பரைகளில் தனித்தனியாகத் தோன்றியதா, ஒட்டுண்ணியின் பரவலை உண்மையிலேயே கூட்டுகிறதா. இவற்றைக் கேட்காமல் சொல்லப்படுகிற "ஜாம்பி" கதைகள் எல்லாம் வெறும் கதைகள்தான்.

ராத்திரிக்காரன் எழுதியது:

மண்புழு அண்ணன் வந்துட்டார், இனி இழை சூடு பிடிக்கும் :)

குறிஞ்சி எழுதியது:

மண்புழு கேட்பது நியாயம்தான், ஆனால் "பக்கவிளைவு" என்பதும் "தந்திரம்" என்பதும் இரண்டு எதிர் கட்சிகள் இல்லை என்று நினைக்கிறேன். பக்கவிளைவில்தான் தொடங்கும். அது பரவலுக்கு உதவினால் தேர்வு அதைப் பிடித்துக்கொண்டு கூர்மையாக்கும். ஆறாம்விரல் கேட்ட படிகள் இதற்குள்தான் இருக்கின்றன. நமக்கு மரபணு அளவில் ஓரளவு தெரிந்த உதாரணம் பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோ வைரஸ், அதனால் அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

லைமாண்ட்ரியா டிஸ்பார் என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள் ராத்திரி மரத்தில் ஏறி இலை தின்னும், பகலில் பறவைக்குப் பயந்து கீழே இறங்கி மரப்பட்டை இடுக்கில் ஒளியும். வைரஸ் தொற்றிய புழு சாகும் தருவாயில் இறங்காமல் உச்சியிலேயே தங்கிவிடும். அங்கேயே செத்து, உடல் கூழாகிச் சொட்டும். அந்தக் கூழில் இருக்கும் வைரஸ் கீழே உள்ள இலைகளில் எல்லாம் படியும், அடுத்த புழுக்கள் அதைத் தின்னும். உச்சியில் போய்ச் சாகும் இந்த நோயை ஜெர்மன் காட்டியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பதிவு செய்துவிட்டார்கள்.

2011இல் கெல்லி ஹூவரும் உடன் ஆய்வாளர்களும் வைரஸிலிருந்து ஈஜிடி என்ற ஒரே ஒரு மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். புழு செத்தது, ஆனால் உச்சியில் இல்லை, தாழ்வாகச் செத்தது. மரபணுவைத் திரும்பச் சேர்த்ததும் மறுபடி உச்சிக்குப் போனது. மண்புழு, இதைப் பொதுவான நோய்க்குறி என்று தள்ள முடியாது, இரண்டு வைரஸும் நோய் தந்து கொன்றன, வித்தியாசம் ஒரு மரபணு.

இப்போது அந்த மரபணு என்ன செய்கிறது என்று பாருங்கள். தோலுரிப்பைத் தூண்டும் ஹார்மோனோடு ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டி அதைச் செயலிழக்க வைக்கும் நொதி அது. தோலுரிக்கப் போகும் புழு தின்பதை நிறுத்திவிடும். தோலுரிப்பு நின்றால் புழு தின்றுகொண்டே இருக்கும், பெரிதாகும், உள்ளே வைரஸும் அதிகமாகப் பெருகும். அதாவது இந்த மரபணுவின் முதல் லாபம் அநேகமாக ஏற்றுவது இல்லை, வளர்ப்பு நாளைக் கூட்டுவது. இந்த மரபணு இல்லாத வைரஸ் புழுவைச் சீக்கிரமாகவே கொன்றுவிடுகிறது என்பது 1990களிலிருந்தே தெரிந்த விஷயம். மேலே ஏறித் தின்னும் பழக்கம் புழுவிடம் ஏற்கெனவே இருக்கிறது. "தோலுரிக்கும் காலம் வந்துவிட்டது, இறங்கு" என்ற சேதி வராவிட்டால் அது மேலேயே இருக்கும். ஒரு நொதி இரண்டு வேலை பார்த்துவிட்டது. அந்த மரபணுவே ஆதியில் ஏதோ ஒரு பூச்சியிடமிருந்து வைரஸுக்குள் வந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

எல்லாப் புழுவுக்கும் இதே வழி என்றும் இல்லை. ஸ்போடாப்டெரா எக்ஸிகுவா புழுவில், ஏறும் வரை உயிரோடு வைத்திருப்பது மட்டுமே ஈஜிடியின் பங்கு என்று தெரிகிறது. டிரைகோபுளூசியா நி என்ற புழுவில் இந்த மரபணு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறுவதில் வித்தியாசமே இல்லை. பட்டுப்புழுவை வைரஸ் ஓயாமல் அலைய விடுவதற்கு பிடிபி என்ற வேறொரு மரபணு காரணம் என்று 2005இல் காட்டினார்கள். ஒரே குடும்பத்து வைரஸ்களுக்குள்ளேயே இத்தனை வழிகள்.

ஆறாம்விரல் எழுதியது:

குறிஞ்சி, இது பிரமாதம். வைரஸ் மூளைக்குள் போய் எதையும் திருக வேண்டியதில்லை, உடம்பு முழுக்க ஓடும் ஒரு ஹார்மோனைத் தொட்டால் போதும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எறும்பைச் செடியில் கவ்வியபடி சாக வைக்கும் எறும்புக் காளான் அப்படி இல்லையே? அது மூளையைத்தானே பிடிக்கிறது?

தும்பி எழுதியது:

அங்கேதான் ஆச்சரியம். ஒஃபியோகார்டிசெப்ஸ் காளான் தொற்றிய தச்செறும்புகளை மென்துண்டுகளாகச் சீவிப் படமெடுத்து, கணினியில் முப்பரிமாணமாகக் கட்டிப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. காளான் செல்கள் உடம்பு முழுக்க, தாடைத் தசை நார்களைச் சுற்றி வலை போலப் பின்னியிருந்தன. ஆனால் மூளைக்குள் காளான் செல்களே இல்லை. மூளையைச் சாகவிடாமல் வெளியிலிருந்தே ரசாயனத்தால் ஏதோ செய்கிறது, தசையை நேராகவும் பிடிக்கிறது என்றுதான் அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இன்னொன்று, காளான் எறும்பை "உச்சிக்கு" ஏற்றுகிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். தாய்லாந்துக் காட்டில் ஆய்வு செய்த இனத்தில் நடப்பது நேர் எதிர். அந்த எறும்புகள் வாழ்வதே மர உச்சியில். நோய் கண்டது கீழே இறங்கி, தரையிலிருந்து சுமார் 25 செ.மீ. உயரத்தில், செடியின் வடக்கு வடமேற்குப் பக்கம் பார்த்த இலையின் அடிப்புற நரம்பைக் கவ்விச் சாகிறது. அங்கே காளானுக்கு வேண்டிய ஈரமும் வெப்பமும் இருக்கிறது. செத்த எறும்பை எடுத்து மர உச்சியில் வைத்துப் பார்த்தபோது காளான் சரியாக வளரவே இல்லை. மண்புழு சொன்ன பவுலின் அளவுகோலில் நோக்கத்துக்குப் பொருந்துவது என்று ஒன்று வருகிறதே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

இது புதுப் பழக்கமும் இல்லை. ஜெர்மனியின் மெஸ்ஸல் என்ற இடத்தில் கிடைத்த 4.8 கோடி வருஷத்துப் புதைபடிவ இலை ஒன்றில், நரம்பின் இருபுறமும் இதே மாதிரிக் கவ்விய தழும்புகள் இருக்கின்றன. மரபணு ஒப்பீட்டின்படி இந்த எறும்புக் காளான்களின் மூதாதைகள் மக்கிய மரத்துக்குள் வாழும் வண்டுப் புழுக்களைத் தின்றவை. அங்கே ஓம்புயிரியை எங்கேயும் நடத்த வேண்டிய அவசியமே இல்லை, இருக்கும் இடத்திலேயே கொன்றால் போதும். எறும்புக்கு மாறியபோதுதான் சிக்கல். கூட்டுக்குள் செத்தால் மற்ற எறும்புகள் பிணத்தை அப்புறப்படுத்திவிடும், காளான் முளைத்து வித்து விட நேரமே கிடைக்காது. கூட்டுக்கு வெளியே சாக வைக்கும் எந்தச் சின்ன மாற்றமும் அங்கே காளானுக்குப் பெரிய லாபம்.

மண்புழு எழுதியது:

"கூட்டுக்கு வெளியே சாக வைக்கும்" என்பதை அத்தனையும் காளானின் கணக்கில் எழுதாதீர்கள். டெம்னோதொராக்ஸ் என்ற சின்ன எறும்புகளில், சாகப் போகும் வேலைக்காரி தானாகவே கூட்டை விட்டுப் போய்த் தனியாகச் சாகும். காளான் தொற்றியது மட்டும் இல்லை, கரியமில வாயுவால் ஆயுள் குறைக்கப்பட்ட எறும்பும் அப்படித்தான் போனது. சகோதரிகளுக்குத் தொற்று பரவாமல் இருக்க எறும்பின் பக்கமிருந்து வந்த பழக்கம் அது. வெட்டுக்கிளிகள் காளான் தொற்றினால் வெயிலில் போய் உட்கார்ந்து உடம்புச் சூட்டை ஏற்றும், அதுவும் தற்காப்புதான். உயரத்துக்குப் போவது இப்படிப்பட்ட ஒரு தற்காப்பாகத் தொடங்கி, பிறகு ஒட்டுண்ணியின் கைக்குப் போயிருக்கலாம் இல்லையா?

குறிஞ்சி எழுதியது:

இருக்கலாம். அது என் கருத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. ஒட்டுண்ணி ஒரு புது நடத்தையை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குவதில்லை, ஓம்புயிரியிடம் இருப்பதன் சத்தத்தை ரேடியோவில் திருகுவது மாதிரி கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

ஈக்களைச் சாய்ங்காலத்தில் உயரத்துக்கு ஏற்றிக் கொல்லும் என்டமோஃப்தோரா மஸ்கே காளானைப் பற்றி 2023இல் கரோலின் எல்யா குழு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நுணுக்கமாக அளந்தபோது, "மேலே போ" என்பதைவிட, சாவதற்கு முந்தைய சுமார் இரண்டரை மணி நேரத்தில் நடமாட்டம் திடீரென்று கூடுவதுதான் முக்கியமான மாற்றமாக இருந்தது. ஈயின் உடல் கடிகாரத்தோடு இணைந்த நரம்பணுக்களும் இளமை ஹார்மோன் சுரக்கும் சுரப்பியும் இதற்குத் தேவை. அந்த நேரத்து ஈயின் உடல் திரவத்தை எடுத்து நோயில்லாத ஈக்குச் செலுத்தினால் அதுவும் கொஞ்ச நேரம் வேகமாக நடமாடுகிறது. காளான் ஈக்கு நடக்கக் கற்றுத் தரவில்லை, நடக்கும் சுற்றை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் தட்டிவிடுகிறது.

ஆறாம்விரலின் எறும்பும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. டென்மார்க்கில் பிட்ஸ்ட்ரப் காட்டில் எறும்புகளுக்கு அடையாளம் வைத்துப் பார்த்தபோது, புல்லைக் கவ்வுவதும் விடுவதும் வெப்பநிலையைத்தான் வலுவாகப் பின்பற்றியது. வெயில் ஏறிய பிறகும் புல்லை விட்டு இறங்காவிட்டால் எறும்பு வெந்து செத்துவிடும், புழுவும் சேர்ந்து போகும்.

ராத்திரிக்காரன் எழுதியது:

பூனையும் எலியும் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே? டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வந்தால் எலி பூனை மூத்திர வாசனையைத் தேடிப் போகும் என்கிறார்கள். மனுஷனுக்கும் அப்படி ஆகுமா?

மண்புழு எழுதியது:

மனிதர் கதைக்குள் இந்த இழையை இழுக்காதீர்கள், அது தனி இழை. எலியில் 2000இல் பெர்டாய், வெப்ஸ்டர், மெக்டொனால்டு காட்டியது உண்மைதான், தொற்றிய எலிகளுக்குப் பூனை வாசனை மேல் இருந்த வெறுப்பு குறைந்தது, சிலவற்றுக்கு ஈர்ப்பாகவே மாறியது. கிருமியின் பாலினப் பெருக்கம் பூனைக் குடும்பத்தில் மட்டுமே நடக்கும் என்பதால் கதை கச்சிதமாகப் பொருந்தியது. 2020இல் சுண்டெலிகளில் விரிவாகப் பார்த்தபோது மாற்றம் பூனைக்கு மட்டும் உரியது அல்ல, பொதுவாகவே பதற்றம் குறைந்து துழாவும் ஆர்வம் கூடியது என்று தெரிந்தது. மூளையில் எவ்வளவு கிருமிக் கூடுகள் இருந்தனவோ அதற்கேற்ப மாற்றத்தின் அளவும் இருந்தது. பூனையை மட்டும் குறிவைத்த நுட்பமான வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தும்பி எழுதியது:

பொதுவாகப் பயம் குறைந்தாலே பூனை வாயில் போகும் வாய்ப்பு கூடுமே, கிருமிக்கு அதற்கு மேல் நுட்பம் எதற்கு? யெல்லோஸ்டோன் ஓநாய்களிலும் இதே கிருமி தொற்றியவை கூட்டத் தலைமைக்கு வர 46 மடங்கு வாய்ப்பு அதிகம், பிறந்த கூட்டத்தை விட்டுப் பிரிய 11 மடங்கு அதிகம் என்று 2022இல் வந்தது. ஓநாயைப் பூனை தின்னப் போவதில்லை. எலிக்காகத் தேர்வான ஒரு பொது மாற்றம், வேறு பிராணியில் பயனில்லாமலும் வெளிப்படுகிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

வெண்காந்தள் எழுதியது:

குறிஞ்சியின் ரேடியோவுக்குச் சற்று இடறும் ஓர் உதாரணம். குதிரைமுடிப் புழு. சுவர்க்கோழி, கும்பிடுபூச்சி போன்றவற்றுக்குள் வளர்ந்து, முதிர்ந்ததும் அவற்றை நீரில் குதிக்க வைத்து, தான் மட்டும் நழுவி நீந்திப் போய்விடும். இனப்பெருக்கம் தண்ணீரில் என்பதால் வேறு வழியில்லை. கும்பிடுபூச்சி தண்ணீருக்குப் போவது அதன் சாதாரணப் பழக்கம் இல்லையே?

ஆனால் அதிலும் துண்டு துண்டாகப் பார்த்தால் படிகள் தெரிகின்றன. முதலில் பூச்சி இலக்கில்லாமல் அலைய ஆரம்பிக்கும், அந்த அலைச்சலே எப்போதாவது நீர்க்கரைக்குக் கொண்டுபோய் விடும். குதிக்கும் நடத்தை தனியாக, பின்னால் வரும். ஜப்பானில் 2021இல் செய்த சோதனையில், புழு உள்ள கும்பிடுபூச்சிகள் கிடைமட்டமாக முனைவுற்ற, அதாவது கிடைத்தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை நோக்கிப் போயின. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அப்படிப்பட்டதுதான். பூச்சிக் கண்ணுக்கு அந்த ஒளியைப் பிரித்தறியும் திறன் ஏற்கெனவே உண்டு, புழு மாற்றியது அதற்கான விருப்பத்தை.

2023இல் இன்னொரு முடிவு வந்தது, கும்பிடுபூச்சியில் வாழும் கார்டோட்ஸ் புழுவில் 1,400க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கும்பிடுபூச்சியின் மரபணுக்களோடு ஒத்துப்போகின்றன, வேறு பூச்சிகளில் வாழும் குதிரைமுடிப் புழுக்களில் அவை இல்லை. மரபணுக்களைப் பெற்றோர் வழியாக இல்லாமல் ஓம்புயிரியிடமிருந்தே கிடைமட்டமாகப் பெற்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அப்படியானால் பூச்சியின் சேதி மொழியிலேயே பேச ஒட்டுண்ணிக்குக் குறுக்குவழி இருக்கிறது என்று ஆகும். குறிஞ்சி சொன்ன வைரஸ் மரபணுவுக்கும் இதே மாதிரிப் பூர்வீகம் சொல்லப்படுவதைக் கவனியுங்கள்.

ஒரு உபரித் தகவல். ஜப்பானிய ஓடை ஒன்றில் வாழும் மீனுக்கு வருஷத்து உணவுச் சக்தியில் சுமார் 60 சதவீதம் இப்படிக் குதிக்கும் பூச்சிகளிலிருந்தே கிடைக்கிறது என்று தகுயா சாத்தோ குழு 2011இல் கணக்கிட்டது. புழுவுக்கு அந்த மீன்களால் ஆதாயம் எதுவும் இல்லை, ஆனால் ஓடை மீன்கள் அதை நம்பி இருக்கின்றன.

ஆறாம்விரல் எழுதியது:

படிகள் பற்றி எனக்கு இருந்த குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது. இன்னும் ஒன்று. ஓம்புயிரி ஏன் எதிர்த்துப் பரிணமிக்கவில்லை? செத்துப்போவது அதுதானே, அதற்குத்தானே தேர்வு அழுத்தம் கூடுதல்?

தும்பி எழுதியது:

எதிர்க்கத்தான் செய்கிறது, பெரும்பாலும் நாம் பார்க்கும் கட்டத்தில் இல்லை. தொற்றாமல் தடுப்பது, உள்ளே வந்ததை நோயெதிர்ப்பால் கொல்வது, அங்கேதான் அதிகப் போர். ஒட்டுண்ணி உள்ளே நிலைத்த பிறகு பல ஓம்புயிரிகளுக்கு இனப்பெருக்கமே நின்றுவிடும், அதற்கு மேல் புல்லில் ஏறாமல் தப்பி என்ன ஆகப் போகிறது? வேலைக்கார எறும்புக்குச் சொந்தச் சந்ததியே கிடையாது. ஆயிரத்தில் ஒரு எறும்பு சிக்குகிறது என்றால் எறும்பினத்தின் மேல் அழுத்தம் சின்னது, புழுவுக்கோ ஒவ்வொரு தலைமுறையும் அந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இன்னொரு காரணம், ஒட்டுண்ணி பிடிக்கும் இடம் அப்படி. கம்மாரஸ் என்ற சின்ன நன்னீர் ஓட்டுயிரிகளில் முள்தலைப் புழு ஏறினால் வெளிச்சத்தை நோக்கிப் போய் நீர்ப்பரப்பில் உள்ள எதையாவது கட்டிப் பிடித்துக்கொள்ளும், வாத்து தின்னும். புழுவே இல்லாத கம்மாரஸுக்கு நரம்புச் சேதிப் பொருளான செரோடோனினை ஊசி போட்டாலும் அதே மாதிரிக் கட்டிப் பிடித்தது. செரோடோனின் ஆயிரம் வேலை பார்க்கும் பொருள். புழுவிடமிருந்து தப்ப அதை மாற்றினால் மற்ற வேலைகள் எல்லாம் கெடும்.

மண்புழு எழுதியது:

கம்மாரஸை எடுத்தீர்கள், சரி, நான் ஏற்கும் சாட்சியை நானே சொல்கிறேன். முள்தலைப் புழு முதிராமல் இருக்கும் வரை, அதாவது இறுதி ஓம்புயிரிக்குள் (புழு கடைசியாகப் போய் இனப்பெருக்கம் செய்யும் பிராணிக்குள்) போனாலும் பிழைக்காத கட்டத்தில், கம்மாரஸ் வழக்கத்தைவிட அதிகமாகவே ஒளிந்துகொள்கிறது. முதிர்ந்ததும் தலைகீழாக மாறி வெளியே வருகிறது. 2011இல் பிரான்சில் காட்டினார்கள். வெறும் நோய்க்களைப்பு பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும், புழுவின் முதிர்ச்சியைப் பார்த்துத் திசை மாறாது. கொசுவும் திசை மாறியதுதான், ஆனால் முதிர்ச்சிக் கட்டமே இல்லாத செத்த பாக்டீரியாவுக்கும் அது மாறியதால் கிருமியின் வேலைக்கு அது சாட்சி ஆகவில்லை.

கலிஃபோர்னியாவின் உப்புச் சதுப்பில் வாழும் கில்லி மீனையும் ஏற்பேன். லாஃபர்டியும் மோரிஸும் 1996இல் திறந்தவெளியில், பறவைகள் வந்து போகும் இடத்திலேயே சோதித்தார்கள். பறவைக்குள் போக வேண்டிய ஒட்டுண்ணிப் புழுவின் கூடு மூளைமேல் உள்ள மீன்கள் நான்கு மடங்கு அதிகமாகப் புரண்டு மின்னின, பறவைகள் அவற்றை 10 முதல் 30 மடங்கு அதிகமாகத் தின்றன. ஆய்வகத் தொட்டியில் நடத்தையை மட்டும் அளந்துவிட்டு, தின்னப்பட்டதா என்று பார்க்காமல் விடும் வேலைதான் எனக்கு ஆகாது.

ராத்திரிக்காரன் எழுதியது:

ஒரே பிராணிக்குள் ஒன்று முதிர்ந்தது, ஒன்று முதிராதது, இரண்டு புழு இருந்தால்? ஒன்று ஒளியச் சொல்லும், ஒன்று வெளியே வரச் சொல்லும், யார் பேச்சைக் கேட்கும்?

வெண்காந்தள் எழுதியது:

நல்ல கேள்வி, அதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்கிஸ்டோசெஃபாலஸ் நாடாப்புழு முதலில் கோபிபாட் என்ற நுண்ணிய நீருயிரிக்குள் இருக்கும், அங்கிருந்து ஸ்டிக்கில்பேக் மீனுக்குப் போகும், கடைசியில் மீனைத் தின்னும் பறவைக்குப் போகும். நினா ஹாஃபரும் மான்ஃப்ரெட் மிலின்ஸ்கியும் ஒரே கோபிபாடுக்கு வெவ்வேறு நாளில் இரண்டு புழுக்களைக் கொடுத்தார்கள், 2015இல் வெளியானது. முதிராத புழு அசைவைக் குறைக்கப் பார்க்கும், முதிர்ந்தது கூட்டப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து நடுவில் ஒரு சராசரி வரவில்லை. முதிர்ந்த புழுவின் பேச்சுதான் எடுபட்டது, இளையதின் வேலையை அது முழுக்கவே அமுக்கிவிட்டது.

மண்புழு எழுதியது:

அந்த இளைய புழு மீனின் வயிற்றில் செரித்துப் போகும், முதிர்ந்தது மட்டும் பிழைக்கும். கணக்கு இரண்டுக்கும் வேறு வேறு, ஓம்புயிரி மட்டும் ஒன்று. இனி யாராவது எந்த ஒட்டுண்ணியைப் பற்றி எழுதினாலும் அது எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் வந்து கேட்பேன்.